க்ளெப் சைக்காலஜி தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கல்லூரி சேர்ந்திருக்கும் பிள்ளைகள், கல்யாணமாகி வந்து பல வருடம் கழித்துப் படிப்பைத் திரும்பத் தொடங்குபவர்கள், நர்சிங் பக்கம் போக நினைப்பவர்கள் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: 'சைக்காலஜி 101' பாடத்தை ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்காராமல், ஒரே தேர்வில் முடித்துவிட முடியுமா? முடியும். அந்தத் தேர்வைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

க்ளெப் என்பது என்ன?

காலேஜ் லெவல் எக்ஸாமினேஷன் ப்ரோக்ராம் என்பதன் சுருக்கம்; காலேஜ் போர்டு நடத்தும் தேர்வு வரிசை. கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யை நடத்தும் அதே அமைப்புதான். 1967-லிருந்து நடக்கிறது. ஒரு பாடத்தை நீங்களாகவே படித்துத் தேர்வில் தேறினால், கல்லூரி அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகை, தரும். அந்த வரிசையில் 'இன்ட்ரொடக்டரி சைக்காலஜி'யும் ஒன்று. எங்கே படித்தீர்கள், எத்தனை நாள் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வயது வரம்பும் இல்லை.

தேறினால் எத்தனை கிரெடிட்? என் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா?

அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் பரிந்துரைப்பது 50 மதிப்பெண்ணுக்கு 3 கிரெடிட். கவனியுங்கள், அது பரிந்துரை மட்டும்தான். முடிவு எடுப்பது உங்கள் கல்லூரி. ஒரு கல்லூரி 50-க்குத் தரும், இன்னொன்று அதற்கு மேல் கேட்கும், சில கல்லூரிகள் க்ளெப்பையே ஏற்பதில்லை. ஆகவே ஒரு பக்கம்கூடப் படிக்கும் முன் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், நாளைக்கு 'யார் சொன்னது?' என்று கேட்டால் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும்.

அந்த மெயிலில் 'க்ளெப் ஏற்பீர்களா?' என்று மட்டும் கேட்டால், 'ஏற்போம்' என்று ஒரு வரி பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மதிப்பெண் வேண்டும், உங்கள் கேட்டலாகில் இருக்கும் எந்தப் பாட எண்ணுக்குப் பதிலாக இது பதிவாகும், என் மேஜருக்குத் தேவையான இடத்தில் எண்ணப்படுமா அல்லது வெறும் எலெக்டிவாகப் போய்விடுமா, தேர்வு மூலம் பெறும் கிரெடிட்டுக்கு மொத்த வரம்பு உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். பிறகு வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அந்தக் கல்லூரியையும் தனியாகக் கேட்க வேண்டும். இவர்கள் ஏற்றார்கள் என்பதற்காக அவர்கள் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நர்சிங் கனவோடு இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. க்ளெப் கிரெடிட் பெரும்பாலும் கிரேடு இல்லாமல்தான் பதிவாகும். ஜி.பி.ஏ. என்ற கிரேடு சராசரி இதனால் ஏறாது, இறங்காது. ஆனால் முன்தேவைப் பாடங்களில் கிரேடு பார்த்துச் சேர்க்கும் நர்சிங் படிப்புகளில் அது இடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கம்யூனிட்டி காலேஜில் வகுப்பாகவே எடுத்து ஒரு ஏ வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தேர்வு மூலம் வரும் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பவை என்று பெயர் வாங்கியவை நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி, நியூயார்க்கின் எக்ஸெல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் ஸ்டேட் காலேஜ். வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிப்பவர்கள் இந்தப் பக்கம் போவது அதனால்தான்.

செலவு எவ்வளவு?

தேர்வுக் கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் குறைவு. அவ்வப்போது கொஞ்சம் ஏற்றுவார்கள். டெஸ்ட் சென்டர் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் வாங்கும், அது இடத்துக்கு இடம் மாறும். ஒரு 3 கிரெடிட் பாடத்துக்குக் கட்டும் ட்யூஷனோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

அதையும் கட்டாமல் எழுத ஒரு வழி உண்டு. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, இந்தத் தேர்வுக்கான பாடத்தை இணையத்தில் இலவசமாகவே நடத்துகிறது. பாடத்தை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கு டான்டெஸ் என்ற அரசுத் திட்டம் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது.

தேர்வு எப்படி இருக்கும்?

கணினியில் எழுத வேண்டும். சுமார் 95 கேள்விகள், 90 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து ஆப்ஷன். கட்டுரை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை என்றாலும் நேரம் போதாமல் தவிப்பவர்கள் குறைவு. படித்தவர்களுக்குப் பாதிக் கேள்விகள் பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தைக் கதை போல் நீளும் கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

50 மதிப்பெண் என்றால் பாதிக் கேள்விக்குச் சரியான விடையா?

இல்லை. சரியான விடைகளின் எண்ணிக்கையை 20 முதல் 80 வரை உள்ள ஓர் அளவுகோலுக்கு மாற்றித் தருவார்கள். 50 என்பது அந்த அளவுகோலில் ஒரு புள்ளி, சதவீதம் அல்ல. நடுவில் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் கலந்திருக்கும். எவை என்று உங்களுக்குத் தெரியாது. மாதிரித் தேர்வுகளில் 70 சதவீதத்துக்கு மேல் நிலையாக வர ஆரம்பித்த பிறகு தேதி குறியுங்கள் என்பது என் யோசனை.

பாடத்திட்டத்தில் என்னென்ன வரும்?

பதின்மூன்று பகுதிகள்: உளவியலின் வரலாறும் ஆய்வு முறைகளும், உடலியல் அடிப்படை, புலனுணர்வு, தூக்கம் முதலான நனவு நிலைகள், கற்றல், சிந்தனையும் நினைவும், ஊக்கமும் உணர்ச்சியும், வளர்ச்சி, ஆளுமை, மனநோய்கள், சிகிச்சை, சமூக உளவியல், புள்ளியியலும் அளவீடும். கடைசியாகச் சொன்னது மட்டும் சிறியது. மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. எதுவும் தனியாகத் தேர்வைத் தூக்கி நிறுத்தாது.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். ஃப்ராய்டில் மூழ்கி முத்தெடுத்தாலும் ஆளுமைப் பகுதியில் சில கேள்விகள்தான். அகலமாகப் படிப்பவரே தேறுவார். உளவியலில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள்தான் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்: பிடித்த பகுதியில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு, கண்ணின் ராட், கோன் செல்களைத் தொடாமலே போய்விடுகிறார்கள்.

கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிக்குமா, புரிதலையா?

இரண்டும் கலந்துதான். 'முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர் யார்?' என்ற நேரடிக் கேள்வி வரும் (வில்ஹெல்ம் வுண்ட், லைப்சிக், 1879). ஆனால் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை, சின்னக் கதை சொல்லிவிட்டு அதில் நடப்பதற்கு என்ன பெயர் என்று கேட்கும் கேள்விகள். ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். இது நான் அமைத்தது, ஆனால் தேர்வில் வருவது இந்தச் சாயலில்தான்.

கீமோதெரபி எடுக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு முறை மருந்து ஏறியதும் குமட்டல் வருகிறது. சில வாரங்களில், ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டுக்குள் கார் நுழையும்போதே குமட்டுகிறது. இப்போது பார்க்கிங் லாட் என்பது எது? ஆப்ஷன்கள்: அன்கண்டிஷண்ட் ஸ்டிமுலஸ், அன்கண்டிஷண்ட் ரெஸ்பான்ஸ், கண்டிஷண்ட் ஸ்டிமுலஸ், கண்டிஷண்ட் ரெஸ்பான்ஸ், நியூட்ரல் ஸ்டிமுலஸ்.

முதலில், யாரும் கற்றுக்கொடுக்காமல் தானாக நடப்பது எது என்று பாருங்கள். மருந்து ஏறினால் குமட்டும்; அதைப் பழக வேண்டியதில்லை. எனவே மருந்து அன்கண்டிஷண்ட் ஸ்டிமுலஸ் (இயல்பான தூண்டல்), அதனால் வரும் குமட்டல் அன்கண்டிஷண்ட் ரெஸ்பான்ஸ் (இயல்பான எதிர்வினை). பார்க்கிங் லாட் ஆரம்பத்தில் எதையும் கிளப்பவில்லை. அப்போது அது நியூட்ரல். மருந்தோடு சேர்ந்து சேர்ந்து வந்து, இப்போது தானே குமட்டலைக் கிளப்புகிறது. ஆகவே விடை கண்டிஷண்ட் ஸ்டிமுலஸ் (பழக்கத்தால் வந்த தூண்டல்). 'நியூட்ரல்' என்பது கேள்வியில் உள்ள 'இப்போது' என்ற சொல்லைக் கவனிக்காதவர்களுக்கு வைத்த பொறி. காரிலேயே வரும் குமட்டல் கண்டிஷண்ட் ரெஸ்பான்ஸ்: அதே குமட்டல்தான், ஆனால் எதனால் வந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இதே கதையை நீட்டினால் இன்னும் மூன்று கேள்வி கிடைக்கும். வேறொரு ஆஸ்பத்திரியின் பார்க்கிங் லாட்டிலும் குமட்டினால் அது ஜெனரலைசேஷன். சிகிச்சை முடிந்து, மருந்து இல்லாமல் பலமுறை போய்வந்ததில் குமட்டல் நின்றுபோனால் எக்ஸ்டிங்ஷன். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் அங்கே போகும்போது திடீரென்று மறுபடி குமட்டினால் ஸ்பான்டேனியஸ் ரெகவரி. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் இப்படி உங்கள் வீட்டில், அலுவலகத்தில் நடக்கும் ஒரு கதையை நீங்களே கட்டிப் பாருங்கள். நாலு முறை வாசிப்பதைவிட அது நன்றாக ஒட்டும்.

எந்தச் சொற்களில் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்?

எல்லாவற்றுக்கும் தலையாயது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். 'நெகட்டிவ்' என்றதும் தண்டனை என்று கை தானாகப் போய்விடும். அது தவறு. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று பெயர் வந்தாலே அந்தச் செயல் கூடுகிறது என்று பொருள். சீட் பெல்ட் போடும் வரை கார் பீப் பீப் என்று கத்துகிறது, போட்டதும் நிற்கிறது, அடுத்த முறை ஏறியவுடனே பெல்ட்டை இழுக்கிறீர்கள். ஒரு தொல்லை நீங்கியது, ஒரு செயல் கூடியது. அதுதான். பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கி வைக்கிறீர்கள், தம்பியை அடிப்பது குறைகிறது என்றால் அது நெகட்டிவ் பனிஷ்மென்ட்: ஒன்று நீங்கியது, ஒரு செயல் குறைந்தது. கூடியதா குறைந்ததா என்று முதலில் பாருங்கள். கொடுத்தார்களா எடுத்தார்களா என்று அப்புறம் பாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் குழப்பம் வராது.

அடுத்தது ரேண்டம் சாம்ப்ளிங், ரேண்டம் அசைன்மென்ட். ஆய்வுக்கு ஆட்களைப் பொறுக்குவது சாம்ப்ளிங். அது சரியாக இருந்தால் முடிவை எல்லோருக்கும் பொருத்திச் சொல்லலாம். பொறுக்கியவர்களை எந்தக் குழுவில் போடுவது என்று சீட்டுக் குலுக்குவது அசைன்மென்ட். அது இருந்தால்தான் 'இதனால் இது நடந்தது' என்று காரணம் சொல்லலாம்.

ப்ரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது ஒரு நினைவு இன்னொன்றைக் கெடுப்பது. புது போன் நம்பர் வாங்கிய பிறகும் வாயில் பழைய நம்பரே வந்தால் ப்ரோஆக்டிவ்: பழையது புதியதைக் கெடுக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பழைய நம்பர் என்னவென்றே ஞாபகம் வரவில்லை என்றால் ரெட்ரோஆக்டிவ்: புதியது பழையதைக் கெடுக்கிறது.

உணர்ச்சிக் கோட்பாடுகள் மூன்றையும் ஒரே காட்சியில் வைத்துப் படியுங்கள். இரவில் ஹைவேயில் போகிறீர்கள், மான் ஒன்று குறுக்கே பாய்கிறது. நெஞ்சு படபடத்தது, அந்தப் படபடப்பை உணர்ந்ததால் பயம் வந்தது என்றால் ஜேம்ஸ்-லாங்கே. படபடப்பும் பயமும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வந்தன என்றால் கேனன்-பார்டு. படபடக்கிறதே, ஏன் என்று சூழ்நிலையைப் பார்த்து 'இது பயம்' என்று மனம் பெயர் வைத்தது என்றால் ஷாக்டர்-சிங்கர்.

மனநோய்ப் பகுதியில் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு என்று ஒரு தனி ஆபத்து: ஸ்கிசோஃப்ரீனியா என்றாலே ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்று பதிந்துபோயிருக்கிறது. அது டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர். ஸ்கிசோஃப்ரீனியாவில் இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற நம்பிக்கைகள், சிதறிய பேச்சு இவைதான் அடையாளம்.

பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயர்கள், ஆம். ஆண்டுகள், கிட்டத்தட்ட வேண்டாம். யார், என்ன செய்தார், என்ன கண்டார் என்ற மூன்றும் சேர்ந்து நினைவில் இருந்தால் போதும்.

மில்கிராம்: யேல் பல்கலைக்கழகத்தில், அதிகாரி சொன்னால் சாதாரண மனிதர் எதுவரை போவார் என்று பார்த்தார். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே, முதல் ஆய்வில் 65 சதவீதம் பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். ஆஷ்: கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, கூட்டம் தவறாகச் சொன்னால் தனி ஆளும் தவறாகச் சொல்வதைக் காட்டினார். முன்னது ஒபீடியன்ஸ் (கீழ்ப்படிதல்), பின்னது கன்ஃபார்மிட்டி (கூட்டத்தோடு ஒத்துப்போதல்). இரண்டையும் மாற்றிப்போடுவது வாடிக்கை. பண்டூரா: பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்த குழந்தைகளும் அடித்தன. ஹார்லோ: குட்டிக் குரங்குகள் பால் தரும் கம்பித் தாயைவிடத் துணி சுற்றிய தாயையே கட்டிக்கொண்டன. லோஃப்டஸ்: விபத்தைப் பற்றிய கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே, கார் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்த்தவர் சொல்லும் கணக்கு மாறுகிறது என்று காட்டினார். டார்லியும் லட்டானேயும்: கூட்டம் கூடக்கூட உதவிக்கு வருபவர் குறைவதை ஆராய்ந்தார்கள்.

பியாஜே, எரிக்சன், கோல்பெர்க் மூவரும் மனித வளர்ச்சிக்குச் சொன்ன நிலைகளையும் வரிசை தவறாமல் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பியாஜேயின் நான்கு நிலைகளுக்கு வயதும் வேண்டும். எரிக்சனின் எட்டில் பதின்ம வயதின் 'அடையாளமா, குழப்பமா' என்ற நிலை கேள்வி அமைப்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை.

பயாலஜி என்றாலே எனக்கு ஆகாது. மூளைப் பகுதியை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அங்கே கதை கிடையாது, நேரடிக் கேள்விதான். படித்தால் கையில் வந்து விழும் மதிப்பெண். மூளையின் நான்கு லோப்களும் (பெரும் பகுதிகளும்) அவற்றின் வேலையும், ப்ரோகா (பேசுவது), வெர்னிக்கே (புரிந்துகொள்வது), ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, ஹைப்போதலாமஸ், செரிபெல்லம், மெடுல்லா. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான நியூரோட்ரான்ஸ்மிட்டர்களில் டோபமைன், செரொடோனின், அசிட்டைல்கோலின், காபா, எண்டார்ஃபின். ஒவ்வொன்றோடும் ஒரு நோயையோ ஆளையோ முடிச்சுப் போட்டுவிடுங்கள்: பார்க்கின்சன் நோயில் டோபமைன் குறைகிறது. 1848-இல் ரயில் பாதை வேலையில் இரும்புத் தடி மண்டையைத் துளைத்துப் போன ஃபினியஸ் கேஜ் பிழைத்தார், ஆனால் குணம் மாறிப்போனது என்பதால் ஃப்ரான்டல் லோப். 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்துகொண்டு, அதன்பின் புது நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போன ஹெச்.எம். என்பவரால் ஹிப்போகாம்பஸ். இந்த இரண்டு பேரையும் மறக்க முடியாது, அவர்களோடு பாடமும் மறக்காது.

கணக்கு வருமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. மீன், மீடியன், மோட் வித்தியாசம். ஒரு கோடீஸ்வரர் கூட்டத்தில் சேர்ந்தால் எது எகிறும் (மீன்). நார்மல் கர்வில் ஒரு ஸ்டாண்டர்டு டீவியேஷனுக்குள் (சராசரியிலிருந்து விலகும் அளவு) 68 சதவீதம், இரண்டுக்குள் 95. ஐ.க்யூ. சராசரி 100, டீவியேஷன் 15; அப்படியானால் 115 வாங்கியவர் சுமார் 84 சதவீதம் பேருக்கு மேல். கோரிலேஷன் -0.8 என்பது +0.5-ஐ விட வலுவானது. ரிலையபிலிட்டி (திரும்ப அளந்தாலும் அதே முடிவு), வாலிடிட்டி (அளக்க வேண்டியதையே அளப்பது) வேறுபாடு. அவ்வளவுதான்.

எந்தப் புத்தகத்தைப் படிப்பது?

ஒன்றே ஒன்றை எடுத்து முடியுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் தரும் சைக்காலஜி பாடநூல் இணையத்தில் இலவசம், இந்தத் தேர்வுக்குத் தாராளமாகப் போதும். மாடர்ன் ஸ்டேட்ஸ் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வவுச்சருக்காக அதை முடியுங்கள், ஆழத்துக்குப் பாடநூலைத் தொடுங்கள். காலேஜ் போர்டு விற்கும் அதிகாரபூர்வ வழிகாட்டியில் உள்ள மாதிரிக் கேள்விகளைக் கடைசி வாரத்துக்குப் பத்திரப்படுத்தி வையுங்கள். உண்மையான தேர்வின் நடை அதில்தான் தெரியும்.

பழைய கைடுகளை ஓசியில் வாங்கிப் படிப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டி.எஸ்.எம். 2013-இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. ஓ.சி.டி.யும் பி.டி.எஸ்.டி.யும் பதற்ற நோய்ப் பட்டியலிலிருந்து வெளியே போய்த் தனித் தலைப்புகளின் கீழ் வந்தன. ஆஸ்பெர்கர் தனிப் பெயராக இல்லாமல் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரமில் சேர்ந்தது. ஸ்கிசோஃப்ரீனியாவின் பாரனாய்டு, கேடடானிக் போன்ற உட்பிரிவுகள் எடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தில் மற்ற அத்தியாயங்கள் பழுதில்லை, மனநோய் அத்தியாயத்தை மட்டும் புதியதில் படியுங்கள்.

எத்தனை நாள் படிக்க வேண்டும்? எப்படி?

உளவியலே தெரியாதவர், தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறு வாரம் நியாயமான கணக்கு. பள்ளியில் ஏற்கெனவே படித்தவருக்குப் பாதி போதும்.

எப்படி என்பதற்கு இந்தப் பாடத்திலேயே விடை இருக்கிறது, அதைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை, ஆறு வாரத்தில். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே போவது படித்த திருப்தியை மட்டும் தரும்.

ஆகவே ஒரு அத்தியாயம் முடித்ததும் புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளில் ஞாபகம் இருப்பதை எல்லாம் கொட்டுங்கள். திறந்து பார்த்து விட்டுப்போனதை வேறு நிறத்தில் எழுதுங்கள். அடுத்த நாள் அந்த நிறத்தில் உள்ளதை மட்டும் பாருங்கள், பிறகு நாலைந்து நாள் கழித்து மறுபடி. கார்டு எழுதுபவர்கள் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் விளக்கமும் எழுதாமல், ஒரு பக்கம் சின்னக் கதையும் மறுபக்கம் அதன் பெயரும் எழுதுங்கள். தேர்வு அந்தத் திசையில்தான் கேட்கிறது.

தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஆங்கிலம் தடையாகுமா?

தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். ஆனால் கட்டுரை எழுத வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கருத்தைத் தமிழில் யோசியுங்கள், தமிழிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள், ஆனால் கலைச்சொல்லை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் பழகுங்கள். 'எக்ஸெப்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டு, பொருந்தாததைக் கேட்கும் கேள்விகளில் அவசரப்படாதீர்கள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் அதில் விழுகிறார்கள்.

ஊரில் பி.எட். முடித்திருக்கிறேன். நேரடியாக எழுதலாமா?

நல்ல அடித்தளம் உங்களிடம் இருக்கிறது. தார்ன்டைக், பாவ்லோவ், ஸ்கின்னர், பியாஜே, மாஸ்லோ எல்லாம் பழைய நண்பர்கள். ஆனால் மூளையும் நியூரானும், புலனுணர்வு, மனநோய் வகைப்பாடு, சிகிச்சை முறைகள், சமூக உளவியல் ஆய்வுகள் இவை உங்களுக்குப் புதிதாக இருக்கும். மாதிரித் தேர்வு ஒன்றை முதல் நாளே எழுதிப் பார்த்து, ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் உட்காருங்கள்.

பையன் ஹைஸ்கூலில் ஏ.பி. சைக்காலஜி எடுக்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா?

இரண்டையும் நடத்துவது காலேஜ் போர்டுதான், பாடமும் பெருமளவு ஒன்றுதான். ஏ.பி. தேர்வு மே மாதத்தில் மட்டும், மதிப்பெண் 1 முதல் 5 வரை. க்ளெப் ஆண்டு முழுவதும் எழுதலாம். ஏ.பி.யை அதிகக் கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வராவிட்டால், படித்த சூடு ஆறும் முன் அந்தக் கோடை விடுமுறையிலேயே க்ளெப் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஏ.பி. பாடத்திட்டம் 2024-25-இல் ஐந்து யூனிட்டாகத் திருத்தி அமைக்கப்பட்டது, புதிய ஏ.பி. கைடை மட்டும் நம்பாமல் க்ளெப்பின் பதின்மூன்று தலைப்புகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே எழுதலாமா, சென்டருக்குப் போகலாமா?

அமெரிக்காவில் இருப்பவர்கள் இரண்டும் செய்யலாம். வீட்டில் என்றால் கேமரா வழியே கண்காணிப்பார்கள், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. பாட்டி தாத்தாவும் சின்னக் குழந்தையும் உள்ள நம் வீடுகளில் ஒன்றரை மணி நேரம் ஒரு கதவு திறக்காமல் இருக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியுமா? சென்டருக்கே போங்கள். கட்டணம் காலேஜ் போர்டு கணக்கில் கட்டினாலும், தேதியும் நேரமும் சென்டரிடம் தனியாகக் குறிக்க வேண்டும். நேரில் போகும்போது அரசு வழங்கிய, படம் உள்ள அசல் அடையாள அட்டை கட்டாயம். பதிவில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதி ஓரிடத்தில் ஒருமாதிரியும் மற்றோரிடத்தில் வேறுமாதிரியும் பெயர் வைத்திருக்கும் நாம் இதைப் பதிவு செய்யும்போதே சரிபார்ப்பது நல்லது.

முடிவு எப்போது தெரியும்? தோற்றால்?

தேர்வு முடிந்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். தோற்றால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். முன்கூட்டியே எழுதினால் அந்த மதிப்பெண் செல்லாது, கட்டிய பணமும் போகும். பட்டமளிப்புக்கு இந்த 3 கிரெடிட் தேவைப்படுபவர்கள் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

தேறிவிட்டேன். அடுத்து எதை எழுதலாம்?

சூட்டோடு சூடாக 'ஹியூமன் க்ரோத் அண்ட் டெவலப்மென்ட்' எழுதுங்கள். பியாஜே, எரிக்சன், கோல்பெர்க், ஐன்ஸ்வொர்த்தின் அட்டாச்மென்ட் (குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு) எல்லாம் அங்கே திரும்ப வரும், இன்னும் விரிவாக. கருவில் வளரும் நிலைகள், முதுமை ஆகிய இரண்டையும்தான் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் 'இன்ட்ரொடக்ஷன் டு எஜுகேஷனல் சைக்காலஜி'. கற்றல் பகுதியும் அளவீட்டுப் பகுதியும் அதில் பாதியை முடித்துத் தந்துவிடும். சமூக உளவியல் பிடித்துப்போனவர்கள் சோசியாலஜி தேர்வும் சுலபமாக இருக்கும் என்று எண்ணி இறங்குகிறார்கள்; அது வேறு பாடம், வேறு பெயர்கள், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.